கால்விரலைக் காக்கும் கவசம்: நம் வேலைக்கு எது ஏற்றது?



குடும்ப நலம் என்றதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தடுப்பூசியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சோறு போடுகிற காலும் குடும்ப நலத்தில் சேர்ந்ததே. கல்குவாரி, கட்டட வேலை, வார்ப்படப் பட்டறை, லாரியில் பாரம் ஏற்றி இறக்குவது என்று உங்களில் ஒருவரோ இருவருமோ வேலைக்குப் போகலாம். ஒரு கல் நழுவிப் பெருவிரலில் விழுந்தால் வாரக்கணக்கில் கூலி போய்விடும். நடக்கும்போது உடம்பை முன்னால் உந்தித் தள்ளுவது பெருவிரல்தான். அது போனால் நடையே மாறிவிடும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றில் 14 விரல்களில் இருக்கின்றன. எல்லாம் சிறிய எலும்புகள். மேலே சதைப்பற்றும் குறைவு. ஆகவேதான் பாதுகாப்புக் காலணியின் (சேஃப்டி ஷூ என்கிறோமே, அது) முன்பக்கத்தில் உள்ளே ஒரு கெட்டியான கவசம் வைக்கிறார்கள்.

கவசம் எவ்வளவு தாங்கும்?

கவசம் எந்தப் பொருளில் செய்யப்பட்டாலும் சோதனை ஒன்றுதான். 20 கிலோ எடையை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போடுவார்கள். இதை 200 ஜூல் என்பார்கள். 50 கிலோ கல் ஒன்று 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முழங்காலுக்குச் சற்றுக் கீழேயிருந்து விழுந்தாலும் இதே அடிதான். பிறகு சுமார் 1,500 கிலோ பாரத்தால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார்கள். உள்ளே களிமண் உருளை ஒன்றை வைத்து, அடிபட்ட பின் விரலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியது என்று அளப்பார்கள். காலணியின் அளவுக்கேற்ப 12.5 முதல் 15 மில்லிமீட்டர் இடமாவது மிஞ்ச வேண்டும்.

ஆகவே முறையாகத் தேறிய காலணியில் "எது பலம்?" என்று கேட்பதைவிட "நம்ம வேலைக்கு எது சரி?" என்று கேட்பதே அறிவுடைமை.

மூன்று வகைக் கவசங்கள்

1. இரும்பு (எஃகு): விலை குறைவு. மெல்லிய தகடே போதுமானதால் காலணியின் முன்பக்கம் பருமனாக இராது. ஆனால் கனம் அதிகம். வெயிலில் சூடும் குளிரில் குளிர்ச்சியும் ஏறும். மேல்தோல் கிழிந்து ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். கல் உடைப்பவர்களுக்கும் பாரம் ஏற்றுபவர்களுக்கும் ஏற்றது.

2. அலுமினியம்: இரும்பைவிட இலேசு, துருவும் பிடிக்காது. விலை கூடுதல். நாள் முழுதும் நடந்து வேலை செய்பவர்களுக்குக் கால் வலி குறையும்.

3. உலோகமில்லாத கவசம்: கண்ணாடி இழை, கார்பன் இழை, கெட்டிப் பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆனது. இலேசானது, சூடும் குளிரும் எளிதில் ஏறாது, மின்சாரம் கடத்தாது. அதே பலத்துக்குச் சற்றுத் தடிமனாக இருக்கும். பலத்த அடி பட்டால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடக்கூடும். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று மறுபடி போடக்கூடாது.

உலைப் பக்கம், நெருப்புப் பொறி தெறிக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் இரும்புக் கவசமும் தோல் மேற்பாகமும் உள்ள காலணியைக் கேளுங்கள். கால்சட்டையைக் காலணிக்குள் செருகாமல் அதன் மேலாக விடுங்கள். இல்லையேல் உருகிய உலோகம் உள்ளே இறங்கிவிடும்.

மின்சார வேலைக்கு உலோகமில்லாத கவசம் நல்லது. ஆனால் கவசம் மட்டும் ஷாக்கைத் தடுத்துவிடாது. அடிப்பாகமும் மின்காப்புச் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"இரும்புக் கப்பு நசுங்கி விரலையே வெட்டிடுமாமே?"
அந்த இரும்பையே நசுக்குகிற பாரம் வெறுங்காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதைவிட எத்தனையோ மடங்கு குறைந்த பாரமே வெறும் விரலைக் கூழாக்கிவிடும். இந்தப் பயத்தால் காலணியைக் கழற்றிப் போட வேண்டாம்.

"கப்பு இருந்தா ஆணி ஏறாதா?"
கவசம் விரலை மட்டுமே காக்கும். சென்ட்ரிங் பலகையில் ஆணி கிடக்கும் இடத்தில், அடிப்பாகத்திலும் ஆணி துளைக்காத தகடு உள்ள காலணி வேண்டும்.

"ஏங்க, உங்க பழைய ஷூவையே நான் போட்டுக்கிறேனே?"
வேண்டாம் தாயே! பெரிய காலணிக்குள் கால் முன்னும் பின்னும் நழுவும். கவசத்தின் விளிம்பு விரலை அறுக்கும். தடுக்கியும் விழச் செய்யும். சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்கும் அவரவர் அளவில் காலணி வேண்டும்.

வாங்கும்போது கவனியுங்கள்

• ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15298 பகுதி 2 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பகுதி 3 என்றால் பாதி அடியைத்தான் (100 ஜூல்) தாங்கும். பகுதி 4-இல் கவசமே கிடையாது.
• கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், காலுறையோடு போட்டுப் பாருங்கள்.
• குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுங்கள். கவசத்தின் விளிம்பு விரலில் அழுத்தினால் வேறு அளவு எடுங்கள்.
• 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பாதுகாப்புக்காகச் செய்து தரும் எதற்கும் தொழிலாளியிடம் முதலாளி காசு பிடிக்கக் கூடாது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

காலையில் காலணியைத் தட்டி உதறிப் போடுங்கள். தேளோ பூரானோ புகுந்திருக்கும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். கவசம் நெளிந்தாலும், பலத்த அடி பட்டாலும் காலணியை மாற்றிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் வந்ததே தெரியாது. தினமும் இரவில் கணவன் காலை மனைவியும், மனைவி காலைக் கணவனும் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

அடிபட்டுவிட்டால்

புண்ணைச் சுத்தமான நீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி வையுங்கள். கவசம் நசுங்கி விரல் மாட்டிக்கொண்டால் காலணியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். காப்பித்தூள், சாணி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரணஜன்னி தடுப்பூசி தேவையா என்று அங்கே கேளுங்கள்.

இன்றிரவே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: நாம் தூக்குவது என்ன, மிதிப்பது என்ன, காலில் போட்டிருப்பது என்ன?

காலைக் காப்போம், குடும்பம் காப்போம்!