செம்பனை முள்: சின்னதென்று விடாதீர்கள்



பந்திங், ஜுக்ரா, கேரித் தீவு பக்கம் ஒரு காலத்தில் பால்மரமும் தென்னையும் நின்ற தோட்டங்களில் இன்று பெரும்பாலும் செம்பனைதான் நிற்கிறது. பால்மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்குக் கொசு, அட்டை என்று பல தொல்லைகள் இருந்தன. முள் தொல்லை இவ்வளவு இல்லை. செம்பனை நம் மண்ணின் மரமும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நட்டார்கள். நம் நாட்டில் 1917-ல் கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்தான் முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டது. மரத்தோடு முள்ளும் வந்து சேர்ந்தது.

இந்த முள் இரண்டு இடத்தில் இருக்கிறது. மட்டையின் அடிப்பாகத்தில் இரண்டு ஓரமும் வரிசையாக நிற்கும். குலையிலும் ஒவ்வொரு சிறு கிளையின் நுனியிலும் ஒரு முள் உண்டு. ஆகையால் மட்டை வெட்டுகிறவருக்கு மட்டுமல்ல, குலை ஏற்றுகிறவருக்கும், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கும் இது குத்தும். மெல்லிய துணிக் கையுறை இதற்குத் தடையே இல்லை.

"முள்ளுதானே டிரசர் ஐயா, நாளைக்குச் சரியாப் போயிடும்" என்பார்கள். பல நேரம் சரியாகத்தான் போகும். ஆனால் முள் உள்ளே ஒடிந்து நின்றால் கதை வேறு. அது இரும்பு ஆணி மாதிரி அல்ல. மண்ணும் கிருமியும் ஒட்டிய தாவரத் துண்டு. விரல் கணுவிலோ முழங்காலிலோ நுழைந்தால், மேல் காயம் ஆறின பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கணு வீங்கி வலித்துக்கொண்டே இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் முள் தெரியாது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்றால் உள்ளே முள் இல்லை என்று அர்த்தமாகாது. ஸ்கேன் செய்தால் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே டாக்டரிடம் போகும்போது, "இந்த இடத்தில் செம்பனை முள் குத்தியது, இத்தனை நாளாச்சு" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். வாதம் என்று நினைத்து வெறும் தைலம் தேய்த்து நாளைக் கடத்தினவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குத்தியவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். முள்ளின் நுனி வெளியே தெரிந்தால் நுழைந்த வழியிலேயே நேராக இழுத்து எடுக்கலாம். தெரியாவிட்டால் ஊசியையோ, சட்டையில் குத்திய பின்னையோ வைத்து நோண்டாதீர்கள். சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். தனுர்வாத ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பேன். அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடியும் போட வேண்டும்.

விரல் முழுவதும் தடித்து, மடங்கியபடியே நின்று, நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரலை மடக்கும் நாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஓரிரு நாள் தாமதத்தில் அந்த விரல் விறைத்துப் போகும். அரிவாள் கழியை இறுக்கிப் பிடிக்க முடியாமல் போகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்னும் பயம் அதிகம். காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் குத்தினதே தெரியாது. வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், அல்லது வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் தனி விஷயம். உயர்ந்த மரத்தில் அண்ணாந்து பார்த்து வெட்டும்போது முள்ளோ தூசியோ கருவிழியைக் கீறிவிட்டால் தேய்க்கக் கூடாது, தாய்ப்பால் விடக் கூடாது. தாவரம் கீறின கண்ணில் பூஞ்சைக் காளான் பிடிக்கும். அப்போது கடையில் வாங்கின ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால், சிவப்பு குறைந்தது போல் காட்டிக்கொண்டே உள்ளே புண்ணை வளர்த்துவிடும். பார்வையே போகலாம். கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போல் கண் பிரிவு உள்ள இடத்துக்கு அன்றே போங்கள். கண்ணாடி போட்டால் புகை மூட்டம் போல் ஆவி படிகிறது என்பது உண்மைதான். அதற்காகக் கழற்றி வைத்துவிடாமல் காற்றுத் துளை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. முள் குத்தியதை அன்றே கிராணியிடமோ மண்டோரிடமோ சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். 'முள்ளுக்கெல்லாமா ரிப்போர்ட்?' என்று சிரிப்பவர்களும் உண்டு; சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு மாதம் கழித்துக் கணு வீங்கும்போது, வேலையில் குத்தியது என்று காட்டக் கையில் தாள் இருக்காது. தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளாவது டாக்டர் எம்சி கொடுத்திருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எம்சி தாள், கிளினிக் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.