நாற்று ஏன் நெட்டையாகப் போகிறது?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மொட்டை மாடியில் தோட்டம் போட ஆசைப்பட்டு, தக்காளி விதையும் மிளகாய் விதையும் வாங்கிக் குழித்தட்டில் போட்டேன். மாடியில் அணில் தொல்லை என்பதால் தட்டைச் சமையலறை அலமாரியிலேயே வைத்தேன். தக்காளி ஐந்தாம் நாளே முளைத்தது. ஆனால் நூல் மாதிரி நீண்டு, வெளிறி, அடுத்த வாரமே ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டது. சாய்ந்தவற்றில் பாதிக்கு மேல் அடித்தண்டு கருத்துச் சுருங்கியிருந்தது. தண்ணீர் காலையும் மாலையும் தவறாமல் தெளித்தேன். மிளகாயோ இன்னும் முளைக்கவே இல்லை. என்ன செய்வது?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: விதையில் குறை இல்லை. ஐந்தாம் நாள் முளைத்தது நல்ல விதை. அதற்குப் பிறகு அந்த முளைக்கு வேண்டியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விதை முளைக்க ஈரமும் வெதுவெதுப்பும் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. ராயக்கோட்டைப் பக்கம் நாற்றுப்பண்ணைகளில் பார்த்தால் தெரியும்: விதை போட்ட தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடிவிடுவார்கள். தினமும் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தலைகாட்டியதும் தாளை எடுத்துவிட்டு, எல்லாத் தட்டையும் நிழல்வலைக்குக் கீழே பரப்பிவிடுவார்கள். அதைக்கூட மறுநாளைக்குத் தள்ளிப்போட மாட்டார்கள். உங்கள் தட்டும் அன்றைக்கே அலமாரியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

சமையலறையிலும் வெளிச்சம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நடுப்பகலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. விளக்கெரியும் அறைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ்தான். நம் கண் இரண்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. முளையோ தான் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருப்பதாக எடுத்துக்கொண்டு, விதைக்குள் இருந்த கொஞ்ச உணவையும் தண்டை நீட்டுவதிலேயே தீர்த்துவிடுகிறது. இலைக்கும் வேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. இப்படி நீண்ட தண்டு பிறகு வெயிலில் வைத்தாலும் குட்டையாகாது.

தக்காளிக்கு மட்டும் ஒரு வழி உண்டு. அதன் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். சாயாமல், அடித்தண்டு கருக்காமல் மிஞ்சியிருக்கும் நாற்றுகளைக் காகிதக் கப்புக்கு மாற்றி, முதல் இரண்டு வித்திலைக்குக் கீழ்வரை மண் அணைத்துவிடுங்கள். நான்கைந்து நாள் நிழலில் இருந்தால் தேறிவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்ய வேண்டாம். அவை தக்காளி அளவுக்குத் தண்டில் வேர் விடுவதில்லை.

அடித்தண்டு கருத்துச் சுருங்கியது வேறு கோளாறு. அதன் பெயர் நாற்றழுகல். பித்தியம் என்கிற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர் பெரும்பாலும் இதற்குக் காரணம். ஈரம் வடியாமல், காற்று ஓடாமல் இருக்கும் இடம் அதற்குச் சொர்க்கம். மூடிய அலமாரியில் இரண்டு வேளைத் தண்ணீர் என்றால் அதற்கு வேறென்ன வேண்டும்? வெளிச்சமில்லாத இடத்தில் நாற்று தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். ஆகவே நீங்கள் மாலையில் தெளித்தது காலைத் தண்ணீரின் மேலேயே விழுந்திருக்கும்.

நேரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். தட்டைப் பார்த்து ஊற்றுங்கள். ஈரமான தென்னை நார்க்கழிவு கரும்பழுப்பாக இருக்கும், காயக் காய வெளிர்ப்பழுப்புக்கு வரும். தட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கனமில்லாமல் எழும்பினால்தான் தண்ணீர். அதையும் மேலே தெளிக்காமல், ஒரு விரற்கடை தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் தட்டைப் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், தண்டடி நனையாது.

நார்க்கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கட்டியை ஊறவைத்து அப்படியே தட்டில் நிரப்பிவிடுகிறார்கள். அதில் உப்பு இருக்கும். ஊறிய தண்ணீர் திக்கான டீ டிக்காஷன் நிறத்தில் இறங்கும். அதைக் கொட்டிவிட்டு, நிறம் நன்றாக வெளுக்கும்வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்குக்குச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு சேர்த்தால் நாற்றுக்குப் போதும். விதைக்கும் முன் சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்துக் கலவையை நனைத்துக்கொண்டால் நாற்றழுகல் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. வேளாண் மருந்துக் கடைகளில் கிடைக்கும். இதோடு இரசாயனப் பூஞ்சைக்கொல்லியைக் கலக்காதீர்கள். அது நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிடும். நாற்று அழுகிய குழிகளில் இருந்த கலவையை மறுபடி நாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம். தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

மிளகாயைப் பொறுத்தவரை அவசரப்பட்டுத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். நல்ல விதைக்கே எட்டு நாள் முதல் பதினான்கு நாள்வரை ஆகும். விரலால் அழுத்திப் புதைத்திருந்தால் இன்னும் தாமதமாகும். அரை சென்டிமீட்டர் ஆழம் தாண்டக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் வராவிட்டால், மீதி விதையில் பத்தை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். பத்தில் ஆறுக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பாக்கெட்டை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். மிளகாய் விதையும் வெங்காய விதையும் சீக்கிரம் வீரியம் இழப்பவை. பாக்கெட்டின் பின்புறம் பரிசோதித்த தேதி அச்சிட்டிருப்பார்கள்; வாங்கும்போது விலைக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

அணிலுக்குப் பயந்து வீட்டுக்குள் வைக்க வேண்டாம். காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து மேலே ஒரு செங்கல் வைத்தால் தீர்ந்தது. காற்றும் வரும், அரை நிழலும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் உறைபனி. தக்காளியும் குடைமிளகாயும் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஆசை. வீட்டுக்குள்தான் நாற்று விட முடியும் என்கிறார்கள். சரியா?
- வாசகர், தலைகுந்தா

பதில்: சரிதான். குளிர் நாடுகளில் கடைசி உறைபனி என்றைக்கு என்று பார்த்து, அதிலிருந்து வாரக்கணக்கைப் பின்னோக்கி எண்ணி வீட்டுக்குள் விதைப்பார்கள். நம் சமவெளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்களுக்கு அப்படியே பொருந்தும். நீர்ப்பனி விழத் தொடங்கி உறைபனியாகி முடிய நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஆகிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தோட்டம் பள்ளத்தில் என்றால் மேட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். அவருக்குப் பிறகு இரண்டு வாரம் பொறுத்தே நடுங்கள்.

ஜனவரி நடுவில் விதைத்தால் மார்ச் முதல் வாரங்களில் நடவுக்கு வந்துவிடும். மண் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் குடைமிளகாய் விதை அசையாது. ஆகவே முளைக்கும்வரை தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையிலோ அடுப்படியின் வெதுவெதுப்பான மூலையிலோ மூடி வையுங்கள். முளைத்ததும் எல்.இ.டி. குழல்விளக்குக்கு அடியில் கொண்டுபோங்கள். விளக்கு நாற்றுக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், நாற்று வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும். கூரையில் மாட்டிய விளக்கால் பயனில்லை. தினம் பதினான்கு மணி நேரம் எரிந்தால் போதும்; இரவில் அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேரே தோட்டத்தில் நட்டால் இலை வெந்து வெளுத்துப்போகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பழக்குங்கள். முதல் நாள் திண்ணை நிழலில் ஒரு மணி நேரம், பிறகு இளவெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி இரண்டு நாள் முழுப்பகலும் வெளியே. அந்த வாரம் தண்ணீரையும் குறையுங்கள். இரவில் மறக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள். கேரட்டுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அதை இடம் மாற்றினால் கிழங்கு கிளைத்துவிடும், நேரே பாத்தியில் தூவுங்கள்.

கேள்வி: ஆடிப்பட்டத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஒரே நாளில் விதைக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். மிளகாய்க்கு 40 நாள்கூட ஆகும். ஒன்றாகப் போட்டால் மிளகாய் தயாராகும்போது தக்காளி வேர் சுருண்டு முதிர்ந்திருக்கும். முதிர்ந்த நாற்று நட்ட பிறகு முரண்டு பிடிக்கும், காய்ப்பும் குறையும். ஆனி பிறந்ததும் மிளகாய், ஒரு வாரம் கழித்துக் கத்தரி, மேலும் ஒரு வாரம் கழித்துத் தக்காளி என்று போடுங்கள்.

உங்கள் ஊரில் அந்த மாதங்களில் காற்று பேய்த்தனமாக அடிக்கும். சின்னக் குழியில் இருக்கும் ஈரம் ஒரு மதியத்தில் காலி. தட்டை மொட்டை மாடித் தரையில் நேராக வைக்காதீர்கள். சிமென்ட் தளத்தின் சூடு அடியிலிருந்து வேரை வேகவைக்கும். இரண்டு செங்கல்லின் மேல் பலகை போட்டு, காற்றடிக்காத சுவரோரம் வையுங்கள். நடவை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெண்டை, அவரை, பீர்க்கு, கீரை - இவற்றுக்கும் நாற்று விட வேண்டுமா? முட்டை ஓட்டில் விதைக்கச் சொல்கிறார்களே?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். வெண்டையும் அவரையும் ஆணிவேரை வேகமாக ஆழத்துக்கு அனுப்புகிறவை. நேரே தொட்டியில் இரண்டு விதையாக ஊன்றி, வந்த பிறகு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். பீர்க்கு, சுரை, பூசணி மூன்றும் அடைமழைக் காலமாக இருந்தால் காகிதக் கப்பில் போடலாம். இரண்டாவது இலை விரிவதற்குள் கப்பின் அடியைக் கிழித்து, மண் உதிராமல் நட்டுவிட வேண்டும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் போதும். எறும்பு இழுத்துப் போகும் இடமாக இருந்தால் தொட்டியைச் செங்கல்லின் மேல் ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.

முட்டை ஓடு பார்க்க அழகாக இருக்கும். அதில் பிடிக்கும் கலவை ஒரு வாரத்துக்கு மேல் வேருக்குப் போதாது. குழந்தைகளுக்கு முளைப்பதைக் காட்டுவதற்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அடியில் ஊசியால் ஒரு துளை போட்டுக்கொண்டு.