வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகு: பள்ளி பேன்ட்ரிக்கு எந்த வழி?

அமெரிக்கப் பொதுப் பள்ளியில் இலவச உணவு பெறும் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாள் காலையும் மதியமும் பள்ளியே சாப்பாடு போடுகிறது. வாரத்துக்கு 21 வேளை என்று வைத்தால் 10 வேளை முடிந்தது. மீதி 11 வேளை வீட்டின் பாடு. அந்தப் பதினொன்றில் ஏழு, வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பள்ளி வழியாக இலவசமாக உணவுப் பொருள் தரும் ஏற்பாடான பள்ளி பேன்ட்ரி முதலில் அடைக்கப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். 1990களில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒரு பள்ளி நர்ஸ், தலைசுற்றல், வயிற்றுவலி என்று தன்னிடம் வரும் பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தில்லை, சாப்பாடு என்று கண்டு உள்ளூர் உணவு வங்கியின் கதவைத் தட்டினார். வார இறுதிக்குப் பையில் உணவு கட்டிக் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது.

தமிழ்ச் சங்கத்திலோ பி.டி.ஏ. கூட்டத்திலோ இந்தப் பேச்சு எழுந்ததும் "ஆளுக்குப் பத்து கேன் கொண்டு வாருங்கள்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. உணவை யார் சுமந்து போகப் போகிறார், சுமக்கும்போது யார் கண்ணில் படும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எந்த வழி என்பது பாதி முடிவாகிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சரிப்படுவது பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சரிப்படாது.

அதற்கும் முன்னால் பள்ளியின் சமையற்கூடத்தை ஒருமுறை விசாரியுங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகள் விண்ணப்பப் படிவமே வாங்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவை இலவசமாகத் தரலாம். முன்பு, அரசு உதவித் திட்டங்கள் வழியாகத் தாமாகவே தகுதி பெற்ற பிள்ளைகள் 40 சதவீதம் இருந்தால்தான் இதில் சேர முடிந்தது. 2023இல் அந்த வரம்பு 25 சதவீதமாகக் குறைந்தது. தகுதி இருந்தும் சேராத பள்ளி உங்களுடையதாக இருந்தால், கேன் சேர்க்கும் நேரத்தில் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய் மூன்று நிமிடம் பேசுவது அதிகப் பயன் தரும். கலிபோர்னியா, மெய்ன் மாநிலங்கள் 2022–23 கல்வியாண்டிலேயே எல்லாருக்கும் இலவசம் என்று ஆக்கிவிட்டன. பிறகு வேறு சில மாநிலங்களும் சேர்ந்தன. காமராஜர் காலத்து மதிய உணவையும் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் பார்த்து வளர்ந்த நமக்கு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வருமானப் படிவம் நிற்பது விநோதமாகத்தான் இருக்கும். படிவம் இன்னும் இருக்கும் பள்ளிகளில் குடியேறிய குடும்பங்கள் பல பயத்தால் அதை நிரப்புவதில்லை. அதில் குடியுரிமை நிலை பற்றிய கேள்வி கிடையாது என்பதை அவர்கள் மொழியில் யாராவது சொன்னாலே சில பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

சமையற்கூடத்திலேயே இன்னொரு சுலபமான வேலை உண்டு: ஷேர் டேபிள். பிரிக்காத பால் பாக்கெட், தோல் உரிக்காத வாழைப்பழம் போன்ற வேண்டாதவற்றைப் பிள்ளைகள் ஒரு மேசையில் வைக்க, வேண்டியவர் எடுத்துக்கொள்வது. அமெரிக்க விவசாயத் துறை இதை அனுமதிக்கிறது. உள்ளூர் சுகாதார விதிகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவு ஒரு மேசை, பாலுக்குக் கொஞ்சம் ஐஸ்.

இனி பேன்ட்ரி.

தொடக்கப் பள்ளிக்கு முதல் தேர்வு வெள்ளிக்கிழமைப் பைதான். பெற்றோரிடம் கார் இருக்கிறதா, வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்ற கவலை இல்லை. பிள்ளையோடு உணவும் வீடு போகிறது. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு 1.2 பவுண்டு என்பது உணவு வங்கிகள் போடும் கணக்கு. ஏழு வேளைக்கு எட்டு பவுண்டைத் தாண்டிவிடும். முதுகுப் பை உடல் எடையில் 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. ஐம்பது பவுண்டு எடையுள்ள பிள்ளை பாடப் புத்தகத்தோடு எட்டு பவுண்டு உணவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. ஆகவே பை எப்போதும் பாதிப் பைதான். அதுவும் ஒரு பிள்ளைக்கானது. வீட்டில் இன்னும் மூன்று பேர் இருந்தால் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடாது, பங்கு போகும். இதை அறியாமல் "சத்துக் கணக்குப்படி இரண்டு நாளுக்குப் போதும்" என்று எழுதி வைப்பதில் பொருளில்லை.

பையில் என்ன போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூடியை இழுத்தால் திறக்கும் கேன்தான் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையிடம் கேன் ஓப்பனரை நம்பிக் கொடுக்க முடியாது. மோட்டல் அறையில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு மைக்ரோவேவ் இருக்கலாம், அடுப்பு இருக்காது. உலர்ந்த பீன்ஸும் அரிசியும் அங்கே பயன்படா. பீனட் பட்டர் மலிவு, சத்து, கெடாது. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமையைக் கேட்காமல் ஒரு பையிலும் போடாதீர்கள். கேனில் வரும் ரீஃபிரைடு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருப்பதுண்டு, மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். முஸ்லிம் பிள்ளைகளோ நம்மூர்ச் சைவப் பிள்ளைகளோ இருக்கும் பள்ளியில் லேபிள் படிக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். இந்த வேலைக்குத் தமிழ் அம்மாக்களை மிஞ்ச ஆளில்லை. முட்டை இருக்கிறதா என்று கேக் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண்கள்.

நடுநிலை, உயர்நிலைப் பள்ளிக்கு இந்தப் பை முறையைக் கொண்டு போகாதீர்கள். எல்லாப் பைகளும் ஒரே நிறம், ஒரே முடிச்சு. ஹால்வேயில் ஒருவன் பார்த்தால் போதும், அடுத்த வாரம் பை வாங்க ஆள் வராது. பதின்வயதில் பசியைவிட வெட்கம் பெரிது. அங்கே வேண்டியது ஒரு அறை, அல்லது பூட்டுள்ள அலமாரி. உள்ளே போய்த் தானே எடுத்துக்கொள்ளும் முறை. தனக்குப் பிடித்ததை எடுப்பதால் குப்பைக்குப் போவது குறையும். அந்த அறையில் சோப்பு, டியோடரன்ட், சானிட்டரி நாப்கின், துணி துவைக்கும் பவுடர் ஆகியவற்றையும் வையுங்கள். அரசின் உணவு உதவியான ஸ்நாப் அட்டையில் இவை எதையும் வாங்க முடியாது. கையில் காசு இல்லாத வீட்டில் முதலில் நின்றுபோவது இவைதான். இன்னொரு லாபமும் உண்டு: நோட்டுப் புத்தகம், பேனா, ஷாம்பு எல்லாம் இருக்கும் அறைக்குள் ஒரு மாணவி நுழைந்தால் எதற்காக நுழைந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரண முதுகுப் பையிலேயே எல்லாம் போய்விடும்.

இதன் பலவீனம் சாவி. பள்ளியின் மாணவர் ஆலோசகரான கவுன்சிலரின் கையில் மட்டும் சாவி இருந்தால், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் பேன்ட்ரிக்கும் விடுப்பு. வாரம் ஒருமுறை அலமாரியை நிரப்பி, பழையதை முன்னால் நகர்த்தி, எறும்பு பார்க்கும் ஆள் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத பள்ளியில் இதைத் தொடங்கினால் ஜனவரிக்குள் காலாவதியான சூப் டப்பாக்களின் குடோன் ஆகிவிடும். பை கட்டும் வேலைக்குச் சனிக்கிழமை முப்பது பேர் சேர்வார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை அலமாரி துடைக்க ஒருவர் வருவாரா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

குடும்பமே பசியில் இருக்கிறது, பள்ளி முழுக்க அப்படித்தான் என்றால் பையும் அலமாரியும் பற்றாது. உணவு வங்கியின் வண்டியை மாதம் ஒன்றிரண்டு முறை பள்ளிப் பார்க்கிங்குக்கு வரவழைப்பது அங்கே பொருந்தும். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பால், முட்டை என்று புதிய பொருள்கள் வரும். பெட்டி கணக்கில் வரும். குறை, கார் இல்லாதவர் தூக்கிக்கொண்டு போக முடியாது, மாலை நேரத்தில் வேலை செய்பவர் வர முடியாது. பிள்ளையை அழைக்க வரும் நேரத்தோடு வண்டி நேரத்தைச் சேர்த்துவிட்டால் பாதிக் குறை தீரும்.

நான்காவது வழி மளிகைக் கடை கிஃப்ட் கார்டு. இடம் வேண்டாம், எலித் தொல்லை இல்லை, பருப்பு வேண்டுமா டார்ட்டியா வேண்டுமா என்று அந்தத் தாயே முடிவு செய்வார். மரியாதை என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றில்லை. ஆனால் விலை முழு விலை. உணவு வங்கி வழியாக அதே பணத்துக்கு வரும் உணவு பல மடங்கு. ஐந்தாறு குடும்பங்கள் மட்டும் உள்ள சிறிய பள்ளிக்கும், திடீரென்று வேலை போனது, வீடு எரிந்தது போன்ற அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பணத்துக்குச் சமம் என்பதால் வரவு செலவை இரண்டு பேர் கையெழுத்திட்டு எழுத வேண்டும்.

எந்த வழியானாலும், உங்கள் பகுதி உணவு வங்கியோடு சேராமல் தனியாகத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபீடிங் அமெரிக்கா கூட்டமைப்பில் ஏறத்தாழ 200 உணவு வங்கிகள் இருக்கின்றன. நாட்டில் அவற்றின் எல்லைக்குள் வராத மாவட்டம் அரிது. சேர்ந்தால் சில நிபந்தனைகள் வரும்: வாங்குபவரிடம் காசு கேட்கக் கூடாது, மதப் பிரசாரம் கூடாது, பெட்டிகள் தரையில் படக் கூடாது, குளிர்பெட்டி 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் பார்த்து, அளவைத் தினமும் குறிக்க வேண்டும். தொந்தரவாகத் தெரிந்தாலும் இவையெல்லாம் எப்படியும் செய்ய வேண்டியவை. சங்கத்தில் சேரும் பணத்தை அங்கே கொடுத்தால், நாம் கடையில் வாங்கும் கேனைவிட அதிக உணவாகத் திரும்பி வரும். பொருளாகவே தர வேண்டும் என்று உறுப்பினர்கள் பிடிவாதம் பிடித்தால் பட்டியலை நீங்கள் கொடுங்கள். விட்டால் 2019 தேதியிட்ட தேங்காய்ப்பால்தான் வரும்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. "பெஸ்ட் பை" என்பது தரத்துக்கான தேதி, அது தாண்டிய பாஸ்தா விஷமாகிவிடாது. குழந்தைப் பால் மாவு மட்டும் விதிவிலக்கு. தேதி தாண்டினால் தூக்கிப் போடுங்கள். உப்பிய கேன், விளிம்பில் ஆழமாக நசுங்கிய கேன் வேண்டாம். வீட்டில் சமைத்தது எதுவும் உள்ளே வரக் கூடாது, எவ்வளவு ருசியாக இருந்தாலும். நல்லெண்ணத்தோடு உணவு தருபவரையும் பகிரும் தொண்டு நிறுவனத்தையும் வழக்கிலிருந்து காக்க 1996இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது; கடும் அலட்சியம் இருந்தால் அது காக்காது. "கேஸ் போடுவார்களே" என்று தயங்கும் பிரின்ஸிபலிடம் இதைச் சொல்லலாம்.

யாருக்குக் கொடுப்பது? இலவச மதிய உணவுப் பட்டியலைக் கேட்காதீர்கள். அது ரகசியம், தன்னார்வலர் கையில் பள்ளி தராது. மேலும் அந்தப் பட்டியல் சரியான அளவுகோலும் அல்ல. இலவசத்துக்கு வருமான வரம்பு வறுமைக் கோட்டின் 130 சதவீதம், சலுகை விலைக்கு 185. அதற்குச் சற்று மேலே சம்பாதித்து, வாடகைக்கே பாதியைக் கொடுக்கும் வீடுகள் அந்தப் பட்டியலில் வரா. பேன்ட்ரியைத் தேடி அவர்களும் வருவார்கள். ஆசிரியர், நர்ஸ், பஸ் ஓட்டுநர், கேஃபட்டீரியா ஊழியர் ஆகியோரின் கண்ணை நம்புங்கள். பெயர் கவுன்சிலரோடு நிற்கட்டும், நமக்கு எண்ணிக்கை போதும். வீடற்ற பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஒரு தொடர்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் வாரமே அவரைப் பாருங்கள். வருமானச் சான்று கேட்காதீர்கள். தேவையில்லாத ஒருவர் ஒரு டப்பா மேக் அண்ட் சீஸ் எடுத்துப் போனால் நட்டம் ஒரு டாலர் சொச்சம்.

கடைசியாக விடுமுறை. தேங்க்ஸ்கிவிங் வாரத்துக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் வழக்கமான பை பற்றாது. அந்த நாள்களில் பெற்றோரை அழைத்துப் பெட்டியாகக் கொடுப்பதே நடைமுறை. கோடைக்கு 2024இலிருந்து சன் பக்ஸ் என்ற திட்டம் வந்திருக்கிறது: தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 40 டாலர் வீதம் கோடைக்கு 120 டாலர். எல்லா மாநிலங்களும் சேரவில்லை, உங்கள் மாநிலம் சேர்ந்ததா என்று பாருங்கள். 18 வயது வரை யாரும் படிவமின்றி வந்து சாப்பிடும் கோடை உணவு மையங்களும் உண்டு. மே மாத நடுவிலேயே அந்த மையங்களின் முகவரி, நேரம், உணவு வங்கி வண்டியின் அட்டவணை ஆகியவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பள்ளியில் வழங்கும் மற்ற மொழிகளிலும் அச்சடித்து, கடைசி மூன்று வெள்ளிக்கிழமைப் பைகளில் வையுங்கள். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வைத்தால் அது பையின் அடியில் ஜூஸ் பட்டு நனைந்துவிடும்.