வண்டி எந்தக் கோட்டில் நிற்கும்?

பள்ளிக்குப் போக 26, திரும்பி வர 26 கிலோமீட்டர் என்று தினமும் பைக்கில் வந்துபோகும் அறிவியல் ஆசிரியர் நான். மாறுதலில் இங்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் செயினைக் கழுவி எண்ணெய் விடுவதும், டயரில் சிக்கிய கல்லைக் குச்சியால் நெம்பி எடுப்பதும் எனக்கு வேலையாகத் தோன்றுவதில்லை. அதில் பாதி நேரத்தைப் பாடக்குறிப்புக்குச் செலவிடலாமே என்று வீட்டில் சொல்வார்கள். கடைசியில் வண்டியே பாடக்குறிப்புக்குள் வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ பாடத்தின் சமன்பாடுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரு கார் சீரான எதிர் முடுக்கத்துடன் ஓய்வுநிலைக்கு வருகிறது என்று தொடங்கும் கணக்கையும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காருக்குள் யாரும் உட்கார்ந்திருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

ஒரு நாள் காலை, பள்ளிக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது, என் வகுப்பு மாணவன் ஒருவன் தங்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அப்பாவின் பைக்கில் என்னை முந்திச் சென்றான். வண்டியைப் பள்ளிக்குள் கொண்டுவரவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். “மெதுவாத்தான் சார் வந்தேன், நாப்பதுலதான்” என்றான். நாற்பதில் வந்தது நான். அவன் என்னை முந்தியவன்.

கண்டித்திருக்கலாம். கண்டித்தால் மறுநாள் வேறு கடை ஓரமாக நிறுத்துவான். எனவே அந்த வாரப் பாடவேளைகள் இரண்டை இதற்கே எடுத்துக்கொண்டேன்.

முதலில் 30 செ.மீ. அளவுகோல். ஒருவர் அதை மேல்முனையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழ்முனையில், சுழியம் குறிக்கு நேராக விரல்களைத் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விடும்போது எந்தக் குறியில் பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். 20 செ.மீ. என்றால் எதிர்வினை நேரம் சுமார் 0.2 நொடி. அளவுகோல் முழுவதும் நழுவினால் கால் நொடி கடந்துவிட்டது என்று பொருள். வகுப்பே களைகட்டிவிடும், சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, பிடிப்பவரைப் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொன்னேன். பலருக்கு அளவுகோல் கையைத் தாண்டித் தரையில் விழுந்தது. செல்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவதைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. “எங்க மாமா இப்படித்தான் சார்” என்று ஒரு மாணவி சொன்னாள்.

இது விழப்போவது தெரிந்தே காத்திருக்கும் கையின் நேரம். சாலையில் ஆடு குறுக்கே வருவதைக் கண்டு, முடிவெடுத்து, விரலையும் காலையும் பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் கணக்குக்கு 1 நொடி என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து மைதானம். உடற்கல்வி ஆசிரியரிடம் 30 மீட்டர் நாடாவும் சுண்ணாம்புத் தூளும் வாங்கிக்கொண்டோம். தொடக்கக் கோடு ஒன்றைப் போட்டு, “இந்த இடத்தில் வரும்போது எதிரே ஆட்டைப் பார்க்கிறீர்கள். 40 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி எங்கே நிற்கும்? 60 கி.மீ. வேகத்தில் வந்தது எங்கே நிற்கும்?” என்று கேட்டு, அவரவர் ஊகித்த இடத்தில் போய் நிற்கச் சொன்னேன். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்தாம் மிகப் பக்கத்தில் நின்றார்கள். நம் மாணவனும் பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

அதன்பின் கணக்கு. 40 கி.மீ. என்பது நொடிக்கு 11.1 மீ. பார்த்து முடிப்பதற்குள், பிரேக்கைத் தொடாமலே, 11.1 மீ. போய்விடுகிறது. உலர்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்று கொண்டு எதிர் முடுக்கத்தை நொடிக்கு நொடி 5 மீ. என எடுத்தோம். திசைவேகத்தின் வர்க்கத்தை எதிர் முடுக்கத்தின் இருமடங்கால், அதாவது 10 ஆல், வகுத்தால் பிரேக் தூரம் 12.3 மீ. ஆக மொத்தம் 23.4 மீ. இதே வழியில் 60 கி.மீ. வேகத்துக்கு 16.7 மீட்டரும் 27.8 மீட்டரும் சேர்ந்து 44.5 மீ. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் பிரேக் தூரம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது. வர்க்கம் என்பதன் பொருள் அன்று சுண்ணாம்புக் கோட்டில்தான் பலருக்கும் புரிந்தது. மழை நாளுக்கு 5 என்பதை 3 என்று மாற்றிப் போட்டபோது 60 கி.மீ. வேகத்தின் கோடு 63 மீட்டரில் விழுந்தது. எங்கள் மைதானம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல செயல்பாடு, அவ்வளவுதான். ஒரு கேள்வியை மீதம் வைத்திருந்தேன். ஆடு 23.4 மீட்டர் கோட்டில் நிற்கிறது. நாற்பதில் வந்தவர் அதைத் தொடாமல் நின்றுவிட்டார். அறுபதில் வந்தவர் அதே கோட்டைத் தாண்டும்போது என்ன வேகத்தில் இருப்பார்? “இருபது”, “இருபத்தஞ்சு” என்றார்கள். கணக்குப் போட்டோம். அவர் பிரேக் பிடிக்கத் தொடங்கி 6.7 மீ. தான் ஆகியிருக்கிறது. விடை நொடிக்கு 14.5 மீ., அதாவது மணிக்கு 52 கி.மீ. இரண்டு முறை சரிபார்த்தார்கள். அந்த வேகத்தைத் தடையின்றிக் கீழே விழும் பொருளின் சமன்பாட்டில் வைத்தால் உயரம் 10.7 மீ. வருகிறது. எங்கள் பள்ளியின் இரண்டு மாடிக் கட்டடத்தை எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். அதன் மொட்டை மாடி ஏறத்தாழ அந்த உயரம்தான்.

மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: “முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும்னு எங்கப்பா சொல்றாங்க, நிஜமா சார்?” ஊரில் பாதிப்பேர் முன் பிரேக்கையே தொடாமல் ஓட்டுவது இந்த நம்பிக்கையால்தான். இன்ஜினை அணைத்து, நானே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் தள்ளி, முன் பிரேக்கைப் பிடித்துக் காட்டினேன். முன்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கியது, பின்பக்கம் லேசாக எழும்பியது. பேருந்து நிற்கும்போது நாம் முன்னால் சாய்வதுபோல, நிலைமத்தால் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது. பாரம் ஏறிய சக்கரத்துக்குத்தான் சாலையில் உராய்வு அதிகம். பாரம் குறைந்த பின்சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் அது சுழலாமல் வழுக்கும். ஆகவே வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்த வேண்டும். மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் அந்த அப்பா சொன்னது நடந்துவிடும். எனவே அவர் சொன்னதைப் பொய் என்று சொல்லாமல், எங்கே பொருந்தும் என்று சொல்லி அனுப்பினேன். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குக் கீழானவற்றுக்கு சி.பி.எஸ். கட்டாயம் ஆனதும் இந்த வழுக்கலைத் தடுக்கத்தான். வீட்டு வண்டியில் எது இருக்கிறது என்று பார்த்து வருவதே அன்றைய வீட்டுப்பாடம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். 18 வயது நிறைய வேண்டும்; 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதுவும் உரிமம் பெற்று. “எக்ஸ்எல் தானே சார்” என்பார்கள். இன்றைய எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சி.சி. வண்டி. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் தெரிவித்தோம்.

அந்த வாரத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஊருக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொள்வது என் பழக்கம். “இங்க ஆடு வராதா சார்?” என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன். மறுநாளிலிருந்து பள்ளி வாசல் வரை தலையில்தான் இருக்கிறது.

அந்த மாணவன் வண்டியை முற்றிலும் விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். மாலையில் பால் சொசைட்டிக்கு அவன்தான் ஓட்டிப் போகிறான் என்று கேள்விப்பட்டு, அவன் அப்பாவிடம் இரண்டு முறை பேசியிருக்கிறேன். காலையில் அண்ணனும் தங்கையும் இப்போது நகரப் பேருந்தில் வருகிறார்கள். போன வாரம் அவனே வந்து ஒன்று கேட்டான்: “சார், பின்னாடி ஒரு ஆள் உக்காந்தா கோடு தள்ளிப் போகுமா?” நிறை கூடினால் உராய்வும் கூடுமே, அப்படியானால் என்னவாகும் என்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் பாடவேளை அவனுடையது.