சர்ப்பகந்தா: ஒரு வேர் மருந்தான வரலாறு

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தம் நாளங்களுக்குள் பாய்ந்து அவற்றின் சுவர்களை அழுத்துகிறது. இதையே இரத்த அழுத்தம் என்கிறோம். இந்த அழுத்தம் நீண்ட காலம் அளவுக்கு மீறி இருந்தால் இரத்த நாளங்கள் சேதமடையும். இதயம், மூளை, சிறுநீரகம் ஆகிய உறுப்புகளும் பாதிப்படையும். ஆனால், பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் வெளியே தெரிவதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களுள் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் காட்டியது.

இன்று இந்நோயைக் கட்டுப்படுத்தப் பல மாத்திரைகள் உள்ளன. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பல ஆண்டுகள் உயர் இரத்த அழுத்தத்தால் அவதிப்பட்டார். உப்பைக் குறைத்தல், ஓய்வெடுத்தல் போன்றவற்றைத் தவிர மருத்துவர்களால் அதிகம் செய்ய இயலவில்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் காலமானார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190ஐ எட்டியிருந்தது. 120/80க்குக் கீழ் இருப்பதே இயல்பான அளவாகும். உலகின் வலிமைமிக்க நாட்டின் தலைவருக்கே தகுந்த மருந்து கிடைக்காத காலம் அது.

அக்காலத்தில் இந்தியாவில் ஒரு சிறு செடியின் வேர் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்திருந்தது. அச்செடியின் பெயர் சர்ப்பகந்தா. இந்தியாவிலும் தென்கிழக்காசிய நாடுகள் சிலவற்றிலும் ஈரமும் நிழலும் உள்ள காடுகளில் இது வளரும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாத இச்செடியின் இலைகள், கணுவுக்கு மூன்று நான்காகச் சுற்றி அமைந்திருக்கும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். வேர் மிகவும் கசப்பானது.

இந்தியப் பாரம்பரிய வைத்தியர்கள் உறக்கமின்மை, மனக்கலக்கம், பாம்புக்கடி முதலியவற்றுக்கு இவ்வேரைப் பயன்படுத்தி வந்தனர். இரத்த அழுத்தத்துக்கென்று அவர்கள் இதைத் தந்ததில்லை. ஏனெனில், அழுத்தத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896ஆம் ஆண்டுதான் அறிமுகப்படுத்தினார். அளக்க முடிந்த பிறகே, வேரைத் தந்தால் இரத்த அழுத்தம் குறைகிறது என்பதை மருத்துவர்களால் காண முடிந்தது. 1931ஆம் ஆண்டு கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இதனை ஒரு கட்டுரையில் பதிவு செய்தனர். அதே ஆண்டு வேதியியல் அறிஞர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, புகழ்பெற்ற யுனானி மருத்துவரான ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கும் ஆற்றல் கொண்ட அப்பொருள், சில வகை இதயக் கோளாறுகளைக் கண்டறியும் சோதனையில் இன்றும் பயன்படுகிறது.

எனினும், இச்செய்திகள் இந்தியாவுக்கு வெளியே அதிகம் பரவவில்லை. 1949ஆம் ஆண்டு பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் ஒரு முக்கிய ஆய்வை வெளியிட்டார். உயர் இரத்த அழுத்தம் கொண்ட ஐம்பது பேருக்குச் சர்ப்பகந்தா வேரால் ஆன மாத்திரைகளைக் கொடுத்து, அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து அவர் குறித்து வைத்தார். பெரும்பாலோருக்கு அழுத்தம் குறைந்தது. இவ்வாய்வு பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளிவந்ததால் மேலை நாட்டு மருத்துவர்களும் அதைப் படித்தனர். மூன்று ஆண்டுகளில், அதாவது 1952இல், சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அழுத்தத்தைக் குறைக்கும் முக்கியப் பொருளை வேரிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். அதுவே 'ரெசர்பின்'.

ரெசர்பின் எவ்வாறு செயல்படுகிறது? நரம்புகளின் முனையில் நுண்ணிய பைகள் உள்ளன. நோர்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் அவற்றில் சேமிக்கப்படுகிறது. மூளையிலிருந்து கட்டளை வரும்போது இப்பொருள் வெளியேறி, இரத்த நாளங்களைச் சுருங்கச் செய்கிறது. இதயத்தையும் வேகமாகத் துடிக்க வைக்கிறது. ரெசர்பின் அந்தப் பைகளில் நோர்அட்ரினலின் சேராதபடி தடுக்கிறது. சேமிப்பு குறையக் குறைய, நாளங்கள் தளர்கின்றன. இதயத்தின் வேகம் தணிகிறது. இரத்த அழுத்தமும் இறங்குகிறது.

அழுத்தத்தைக் குறைத்தால் நோயாளிக்கு உண்மையிலேயே நன்மை உண்டா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. உயர்ந்த அழுத்தம் உடலுக்குத் தேவையானது என்று கருதிய மருத்துவர்களும் இருந்தனர். இதற்கு விடை காண அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 143 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்கு ரெசர்பினும் வேறு இரண்டு மருந்துகளும் தரப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரைகள் தரப்பட்டன. 1967இல் வெளியான முடிவுகள் ஐயத்தைப் போக்கின. மருந்து உட்கொண்டவர்களைப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடும் பாதிப்புகள் மிகக் குறைவாகவே தாக்கின. உயர் இரத்த அழுத்தத்துக்குக் கட்டாயம் சிகிச்சை தர வேண்டும் என்னும் இன்றைய நடைமுறைக்கு இது அடிப்படையானது.

ஆயினும், இம்மருந்துக்கு மறுபக்கமும் உண்டு. ரெசர்பின் மூளையிலுள்ள நரம்புகளிலும் அதே வேலையைச் செய்கிறது. அதனால் சிலருக்குத் தூக்கக் கலக்கம், மனச்சோர்வு ஆகியவை ஏற்பட்டன. குறிப்பாக, அதிக அளவில் உட்கொண்டவர்களிடம் இவை தென்பட்டன. வியப்பு என்னவென்றால், இக்குறைபாடே மற்றொரு கண்டுபிடிப்புக்கு வழி வகுத்தது. 1957ஆம் ஆண்டு சுவீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் தரப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு 'எல்-டோபா' என்னும் பொருளைச் செலுத்தினார். அவை மீண்டும் நடமாடத் தொடங்கின. பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை இதிலிருந்து வளர்ந்தது. மூளையைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். பின்னாளில் பக்க விளைவுகள் குறைந்த மருந்துகள் வந்ததால், மருத்துவர்கள் ரெசர்பினை இப்போது அரிதாகவே தருகின்றனர்.

மருந்து இயற்கையிலிருந்து கிடைத்தது என்பதால் அது தீங்கற்றது ஆகிவிடாது. ரெசர்பினின் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 0.1 முதல் 0.25 மில்லிகிராம் வரையே ஆகும். ஓர் அரிசி மணியை நூறு துண்டுகளாக்கினால், ஒரு துண்டின் எடைதான் அது! ஆனால், சர்ப்பகந்தா வேரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் கலந்திருக்கின்றன. வளரும் மண், செடியின் வயது, பறிக்கும் பருவம் ஆகியவற்றைப் பொறுத்து அவற்றின் அளவு வேருக்கு வேர் மாறுபடும். இவ்வேரைக் காய்ச்சிக் குடிப்பவருக்கு, தம் உடலில் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்பது தெரியாது. முன்பே அழுத்த மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது மூலிகைக்கும் பொருந்தும்.

எனவே, வீட்டில் பெரியவர்கள் மூலிகைச் சாற்றையோ பொடியையோ உட்கொண்டால் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவதும் தவறு. கடைகளில் வாங்கும் பாரம்பரிய மருந்துகளில் 'எம்.ஏ.எல்.' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

செடிக்கும் பாதுகாப்பு தேவைப்படுகிறது. மருந்து வேரில் இருப்பதால் வேரைத் தோண்டும்போது செடியே அழிகிறது. ரெசர்பினின் புகழ் பரவியபோது காடுகளிலிருந்து வேர்கள் பெருமளவில் எடுக்கப்பட்டன. இதனால் இச்செடியின் எண்ணிக்கை குறைந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் பட்டியலில் இன்று சர்ப்பகந்தாவும் இடம்பெற்றுள்ளது.

உறக்கத்துக்காகத் தரப்பட்ட ஒரு வேர், பல உயிர்களைக் காக்கும் மருந்தாக மாறியதற்கு இரு தரப்பினர் காரணமாவர். எந்தச் செடியை நாட வேண்டும் என்பதை முன்னோர் காட்டினர். அது எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்பதை ஆய்வாளர்கள் அளந்து அறிந்தனர். நம் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் இன்னும் முறையாக ஆராயப்படாத செடிகள் பல உள்ளன. அவற்றைப் பற்றிய பாட்டி வைத்தியக் குறிப்புகளைச் சேகரித்து வைப்பதும், அவை உண்மையா எனச் சோதித்துப் பார்ப்பதும் இளைய தலைமுறையின் கடமையாகும்.