தட்டானைப் பிடிக்காமல் 'பிடிப்பது' எப்படி?



ஒகேனக்கல் வர்றவங்க எல்லாரும் அருவியைத்தான் போட்டோ எடுக்கிறாங்க. பாறை ஓரத்துத் தட்டானை யாரும் பார்ப்பதில்லை. நம்ம பசங்க பார்ப்பாங்க, ஆனா வாலில் நூல் கட்டுறதுக்கு! நூல் இல்லாமலே தட்டானின் பெயரைக் கண்டுபிடிக்கலாம். வீட்டு செல்போன் போதும்.

முதலில் தட்டானா, ஊசித்தட்டானா என்று பாருங்கள். உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருந்தால் தட்டான். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின் மேல் மடக்கி வைக்கும். அதன் இரண்டு கண்களும் தள்ளித் தள்ளி இருக்கும்.

ஒரு படம் பத்தாது. இறக்கை தெரிய மேலிருந்து ஒன்று, நெஞ்சில் உள்ள கோடுகள் தெரிய பக்கவாட்டில் ஒன்று, வால் நுனி தெரிய ஒன்று. (நாம் வால் என்பது உண்மையில் அதன் வயிறு.) அதன் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 30,000 சிறு கண்கள் வரை உண்டு. கையை வீசினால் பறந்துவிடும். ஆனா பறந்துடுச்சேன்னு எழுந்து வந்துடாதீங்க. பல தட்டான்கள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் இன்னும் சுலபம். தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம், முதலை உண்டு. குரங்கு பக்கத்தில் இருந்தால் போனை உள்ளே வையுங்கள்!

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 'கிரிம்சன் மார்ஷ் கிளைடர்' தட்டானில் ஆண் நல்ல ரோஸ் நிறம், பெண் மஞ்சள் கலந்த பழுப்பு. பார்த்தால் இரண்டு இனம் என்றே தோன்றும். இரண்டுக்கும் பின்னிறக்கையின் அடியில் பழுப்புத் திட்டு உண்டு, அதைப் பாருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போட்டால் பெயர் சொல்லும். அதுவும் சில சமயம் தப்பாகச் சொல்லும். சில இனங்களை போட்டோவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அப்போது 'தெரியவில்லை' என்று எழுதுவதுதான் சரி.

பெயரோடு தேதி, நேரம், இடம் கட்டாயம் எழுத வேண்டும். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், அக்டோபரில் தட்டான்கள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பல வருடம் குறித்து வைத்தார். அவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-ல் எழுதினார். எல்லாம் தேதி எழுதிய நோட்டிலிருந்து வந்ததுதான்.

நமக்கும் அந்த நோட்டு தேவை. தட்டான் குஞ்சு ஆற்றுத் தண்ணீரில்தான் வளர்கிறது, கொசுப் புழுக்களைத் தின்கிறது. அதே தண்ணீரில்தான் மசாஜ் எண்ணெயும் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் சேருது. நாளைக்கு ஒரு தட்டான் காணாமல் போனால், போன வருஷம் இங்கே இருந்தது என்று யார் சொல்வது?

இந்தப் பலகைக்குக் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. முதல் பக்கத்தில் பரிசல் துறையில் நான் பார்த்த ஐந்து தட்டான்களை எழுதியிருக்கிறேன். அதில் இரண்டுக்கு 'தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.