கல்லைத் தழுவிய வேர்

ஏலமலையிலுள்ள ஆனைக்கரைப் பக்கம் நடந்து செல்வோர், பாறையைத் தழுவி மண்ணுக்கு இறங்கும் இச்சி மரத்தின் வேர்களைக் கண்டிருப்பர். இயற்கை செய்யும் இவ்வேலையைச் சிறு தட்டிலே செய்து காட்டும் கலை சப்பானியரிடம் உண்டு. அதனைச் 'செக்கிஜோஜு' என்பர். 1923 ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்திற்குப் பின் டோக்கியோவின் குறுமரத் தோட்டக்காரர் சிலர் ஓமியாவிற்குப் பெயர்ந்து, 1925 இல் தமக்கென ஒரு சிற்றூரையே அமைத்தனர். பெயர்த்து நட்ட வாழ்வும் வேரூன்றும் என்பதற்கு அவர்களே சான்று.

பைன் கன்றை இம்முறையில் வளர்க்கும் வகையைக் கூறுவோம். நீண்ட வேருடைய இளங்கன்றையும், பள்ளங்கள் உடைய, எளிதில் பொடியாத கல்லையும் தேர்க. மொட்டு விரியுமுன் வேர்மண்ணை மெல்ல உதிர்த்திடுக, முற்றும் கழுவலாகாது. வேரோடு கூடி வாழ்ந்து அதற்கு உதவும் பூஞ்சை அம்மண்ணில் உண்டு. வேர்களைக் கல்லின் பள்ளங்களில் படியவைத்து, நுனிகள் கல்லுக்குக் கீழே செல்லுமாறு விட்டு, களிமண் பூசி நூற்கயிற்றால் கட்டுக. பின்பு கல் மறையும்படி ஆழமான தொட்டியில் புதைத்திடுக. இரண்டு மூன்று ஆண்டுகள் திறந்து பார்த்தலாகாது. அதன்பின் ஆண்டுதோறும் மேல்மண்ணைச் சிறிது சிறிதாக நீக்கினால், வேர் பட்டை கட்டி முதிரும்.

இதில் நாமே தவறினோம். அன்பர் ஒருவர் விதையிட்டு நான்காண்டு வளர்த்த கன்றை நமக்குத் தந்தார். முறுக்கேறாத நூலை இழுத்தால் அறும் என்பதைப் பஞ்சாலையில் கற்றிருந்தும், பிறருக்குக் காட்டும் ஆவலால் ஆறாம் மாதமே மண்ணை அகற்றினோம். மயிரிழை போன்ற வேர்கள் வற்றின, கன்று மாண்டது. வெயிலைக் குறை கூறுதல் எளிது. கொன்றது நம் பெருமையே.

அவ்வன்பரிடம் உண்மையைக் கூறினோம். அவர் சினவாது மற்றொரு கன்றைத் தந்து, "ஐயா, வேர் கல்லை விடாது பிடிப்பதும் பற்றுத்தானே?" என வினவினார். நாம் நெடுநேரம் எண்ணினோம். கல்லிடம் உணவில்லை. வேர் அதன்மேல் கடந்து, கீழுள்ள மண்ணையே நாடுகிறது. ஒன்றைத் தாங்கலாகக் கொள்வது வேறு. அதுவே உணவென மயங்குவது வேறு.

தாழ்நில வெப்பத்தில் பைன் வாடும். அங்குள்ளோர் இச்சியிலோ ஆலிலோ தொடங்குக. அவை விரைவில் வேர் பெருக்கும். நம் இரண்டாம் கன்று இன்று மண்ணுக்குள் இருக்கிறது. நாம் திறந்து பார்க்கவில்லை.